ஆள்காட்டி உட்கார்ந்த இடம்

அந்த மருத்துவமனையின் கார் நிறுத்தத்து வாசலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கிடந்தது. வரும் கார்களுக்கு இடம் காட்டும் அவளுக்காகப் போட்டது. ஆனால் அவளைத் தவிர மற்ற எல்லாரும் அதில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஆம்புலன்ஸ் ஓட்டுநர் செருப்பில் ஒட்டியதைச் சுரண்ட உட்கார்ந்தார். மனைவியை ஆபரேஷனுக்கு அனுப்பிவிட்டு வந்த ஒருவர் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்தார். போன மழைக்காலம் முழுக்க ஒரு பூனை அதைக் குத்தகைக்கே எடுத்திருந்தது.

அவள் மட்டும் நின்றாள், நடந்தாள், ஓடினாள். "பின்னால வாங்க, வாங்க, போதும்! சார், போதும்னா போதும். சுவரை இடிச்சுக்கிட்டு நேரா ஐசியூவுக்கே போயிடாதீங்க!" என்று அவள் போடும் சத்தம் மாடி வரை கேட்கும். அதனால்தான் வாசல் காவலாளி அவளுக்கு ஆள்காட்டி என்று பெயர் வைத்தார். மனித நிழல் தெரிந்தாலே கத்தி ஊரைக் கூட்டும் குருவியின் பெயர் அது.

"கால்ல சக்கரம் கட்டியிருக்கியாம்மா? கொஞ்சம் உட்காரேன்" என்பார் அவர்.

"உட்கார்ந்தா மனசு ஓடுதுண்ணே. அதுக்குக் கால் ஓடுறதே தேவலை."

பருவம் மாறுவதை அவள் கார்களின் கூரையில் பார்த்துத் தெரிந்துகொண்டாள். வெள்ளைக் கார்களின் மேல் வேப்பம்பூ பொடியாகக் கொட்டினால் வெயில் ஏறப்போகிறது. சுவரோரத்துப் பெருங்கொன்றை மஞ்சளை அள்ளி எறிந்தால் வெயில் உச்சத்துக்கு வந்துவிட்டது. பறவை எச்சம் ஊதா நிறத்தில் கறை போட்டால் எங்கோ நாவல் பழுத்துவிட்டது. கார்க்காரர்கள் எல்லாரும் முகம் சுளிக்கும் அந்தக் கறையைப் பார்த்து அவள் ஒருத்திதான் சிரிப்பாள். துணியால் துடைத்துக்கொண்டே அண்ணாந்து பார்ப்பாள், யார் செய்த வேலை இது என்று.

அந்த வருடம் வேப்பம்பூ கொட்டியதை அவள் கவனிக்கவில்லை. அவளுடைய ஒரே மகள் அதே மருத்துவமனையின் இரண்டாம் மாடியில் படுத்திருந்தாள்.

மகள் ஏற்கெனவே இரண்டு முறை சுமந்து, இரண்டு முறையும் வெறுங்கையோடு வீடு திரும்பியவள். இது மூன்றாவது. ரத்த அழுத்தம் ஏறிக்கொண்டே போனது. "இன்னும் கொஞ்ச நாளாவது குழந்தை உள்ள இருக்கணும். அசையக் கூடாது, பதற்றப்படக் கூடாது. இடது பக்கம் திரும்பிப் படுத்தே இருக்கணும்" என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். மருமகன் சரக்குக் கப்பலில் சமையல்காரன். சிக்னல் கிடைக்கும்போது மட்டும் பேசுவான், பேச ஆரம்பித்ததும் அழுதுவிடுவான்.

பெற்ற வயிறு கேட்குமா? ஒரு காரை உள்ளே விட்டதும் படியேறி ஓடுவாள். "பிரஷர் பார்த்தாங்களா? எவ்வளவு? தலை வலிக்குதா? குழந்தை உதைச்சுதா? கால் ஏன் வீங்கியிருக்கு?" பதில் வருவதற்குள் கீழே யாரோ ஹாரன் அடிப்பார்கள். மறுபடி இறக்கம். மறுபடி ஏற்றம். தூங்கிக்கொண்டிருந்தால் மூக்கடியில் விரல் வைத்துப் பார்ப்பாள். மகள் அலறிக்கொண்டு விழிப்பாள்.

ஒருநாள் தலைமை நர்ஸ் அவளை வார்டு வாசலிலேயே நிறுத்தினாள்.

"அம்மா, நீங்க வந்துட்டுப் போன பிறகு எடுத்தா பிரஷர் எகிறுது. வராத நேரம் எடுத்தா இறங்குது. நான் என்ன பண்ணட்டும்?"

"அப்போ நான் வரக் கூடாதா சிஸ்டர்? நான் பெத்தவ!"

"பெத்தவங்கதான். சாயங்காலம் பார்வையாளர் நேரத்துல வாங்க. மத்த நேரம் வந்தா கதவைச் சாத்திடுவேன். கோவிச்சுக்காதீங்க."

அன்று அவள் படியில் இறங்கும்போது கண்ணீர் அவளை முந்திக்கொண்டு இறங்கியது.

அழுத கண்ணோடு கார் நிறுத்தத்தின் கடைசி வரிசைக்குப் போனாள். அங்கே தரை தார் போடாமல் வெறும் ஜல்லியாகக் கிடந்தது. அழுவதற்குத் தோதான இடம். கால் வைத்த மறுகணம் தரையே வெடித்தது போல ஒரு பறவை எழும்பியது. கறுப்புத் தலை, கண்ணுக்கு முன்னால் சிவப்புச் சதை, நீள மஞ்சள் கால். தலைக்கு மேலே சுற்றிச் சுற்றி அவளைத் திட்டித் தீர்த்தது. குனிந்தாள். கல்லோடு கல்லாக நான்கு முட்டைகள். இன்னொரு அடி வைத்திருந்தால் மிதித்திருப்பாள்.

அந்தக் கணம் அவள் மனத்தில் ஒரு கணக்கு விழுந்துவிட்டது. இது பொரித்தால் மகள் வயிற்றில் இருப்பது பிழைக்கும். யாரும் சொல்லவில்லை. அவளே போட்ட முடிச்சு, அவளாலேயே அவிழ்க்க முடியாத முடிச்சு.

ஓடிப்போய் நான்கு ஆரஞ்சு நிறக் கூம்புகளைத் தூக்கிவந்து கூட்டைச் சுற்றி நட்டாள். மேனேஜர் பார்த்துவிட்டுக் கேட்டார், "அங்க என்ன வி.ஐ.பி. பார்க்கிங்?"

"ஆமா சார். பிரசவ கேஸ்" என்றாள். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஒரு இடம்தானே, போகட்டும்" என்று போய்விட்டார்.

அதன் பிறகு மகளிடம் ஓட முடியாத கால்கள் கூட்டுக்கு ஓடின. காக்கை வந்ததா? பூனை வந்ததா? முட்டை நாலும் இருக்கிறதா? எத்தனை தடவை போனாள் என்று அவளுக்கே தெரியாது. போகும்போதெல்லாம் பறவை எழும்பிக் கத்தியது. "உன் நல்லதுக்குத்தான் வர்றேன், ஏன் கத்துற?" என்று அவளும் பதிலுக்குக் கத்தினாள்.

"ரெண்டு ஆள்காட்டியும் சண்டை போடுது, விலக்கிவிட ஆள் இல்ல" என்றார் காவலாளி.

விலக்கிவிட வந்தவர் எக்ஸ்ரே அறை டெக்னீஷியன். நாளெல்லாம் "மூச்சை அடக்குங்க, அசையாதீங்க" என்று சொல்லியே பிழைப்பு நடத்துபவர். விடுமுறை நாளில் கழுத்தில் பைனாகுலரை மாட்டிக்கொண்டு ஏரிக்கரையில் திரிவாராம். மத்தியானம் டீக்கோப்பையோடு வெளியே வந்தவர், அவள் கூட்டருகே நிற்பதைப் பார்த்துப் பதறிப்போனார்.

"அக்கா, அங்கிருந்து வாங்க. மெதுவா. அசையா... இல்ல, அசைஞ்சு வாங்க!"

"நான் காவல் காக்கிறேன் தம்பி."

"நீங்க காவல் காக்கிறதாலதான் அது எந்திரிச்சுப் போகுது. இந்த வெயில்ல அது மேல உட்கார்ந்து நிழல் குடுக்கலைன்னா முட்டை உள்ளேயே வெந்துடும்."

அவளுக்கு முகம் செத்துப்போயிற்று.

"காக்கா தூக்கிட்டா?"

"காக்காயை அது விரட்டும். உங்களைத்தான் அதால விரட்ட முடியல. நீங்க உட்கார்ந்தா அது உட்காரும், அவ்வளவுதான்."

தலைமை நர்ஸ் கதவில் கை வைத்துச் சொன்னதும் இதுவேதான். அன்பு என்று நினைத்து அவள் கொண்டுபோய்க் கொட்டியதெல்லாம் வெயிலா? இரண்டு இடத்திலும் எழுப்பிவிட்டவள் அவள்தானா? அவள் வாசலுக்குத் திரும்பினாள். நாற்காலியில் இருந்த பூனையை இறக்கிவிட்டாள். உட்கார்ந்தாள்.

காவலாளி வானத்தைப் பார்த்தார். "மழை வரும்போல இருக்கு" என்றார்.

உட்காருவது அவ்வளவு கடினமான வேலை என்று யாரும் அவளுக்குச் சொன்னதில்லை. கால் தானாகத் துடித்தது. நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். கார் வந்தால் எழுந்து இடம் காட்டிவிட்டு, கடைசி வரிசைப் பக்கம் போகத் துடிக்கும் கால்களை இழுத்துக்கொண்டு வந்து மறுபடி உட்கார்ந்தாள். வாய்க்குள்ளேயே கத்திப் பழகினாள். நெஞ்சுக்குள் மகள், கூடு, மகள், கூடு என்று ஊசல் ஆடியது. உடம்பு உட்கார்ந்ததே தவிர மனம் ஒரு நிமிஷம் கூட உட்காரவில்லை.

ஆனால் கண் சும்மா இருக்குமா? அது மேயப் போயிற்று. ஆணும் பெண்ணும் முறை வைத்து அடைகாப்பதை முதன்முதலாகப் பார்த்தாள். ஒன்று வந்து நின்றால் மற்றது எழுந்து நடந்துவிடும், ஷிப்ட் மாறுகிற நர்சுகளைப் போல. ஆம்புலன்ஸ் கழுவும் குழாயடித் தேங்கலில் அது வயிற்றை நனைத்துக்கொண்டு, அந்த ஈரத்தோடு போய் முட்டைமேல் அமர்வதைப் பார்த்தாள். அதைப் பார்த்த அன்று குழாயை லேசாகத் திறந்தே வைத்துவிட்டாள். மேனேஜர் திட்டினார், கேட்டுக்கொண்டாள். சுவரோரம் சாக்கடை மேட்டில் நெருஞ்சி மஞ்சளாய்ப் பூத்துப் படர்ந்திருந்ததும், அதற்கு நடுவே தும்பை வெள்ளைப் புள்ளிகளாய்த் தலைதூக்கியதும் கண்ணில் பட்டன. எத்தனை வருடமாக அந்தப் பக்கம் ஓடியிருக்கிறாள், எத்தனை நெருஞ்சி முள்ளைச் செருப்பிலிருந்து பிடுங்கி எறிந்திருக்கிறாள்! அதற்கு ஒரு பூ உண்டு என்று நினைத்ததே இல்லை.

சாயங்காலம் மாடிக்குப் போனால் இப்போது கேள்வி கேட்பதில்லை. மகளின் காலைப் பிடித்துவிட்டபடி, அன்று பார்த்ததைச் சொல்லுவாள். மகள் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருப்பாள். முட்டைக்கும் குழந்தைக்கும் போட்ட முடிச்சை மட்டும் சொல்லவில்லை.

காற்று திசை மாறியது. கார்க் கூரைகளில் ஊதாக் கறை விழுந்தது. ஒருநாள் இரவு முதல் மழை பிடித்துக்கொண்டது. வீட்டில் அவள் கூரைச் சத்தத்தைக் கேட்டபடி கண்ணைத் திறந்தே கிடந்தாள். விடிந்தும் விடியாததுமாக வேலைக்கு ஓடி வந்தாள். நாற்காலியைத் தாண்டி, கூம்புகளைத் தாண்டிப் போனாள். எந்தப் பறவையும் எழும்பவில்லை. யாரும் அவளைத் திட்டவில்லை.

கூட்டில் ஒரே ஒரு முட்டை, மழையில் நனைந்து சில்லென்று கிடந்தது. மற்ற மூன்றைக் காணோம். ஓட்டுத் துண்டுகூட இல்லை. பொரித்திருந்தால் ஓடாவது கிடக்காதா? பூனைதான். இல்லை, கீரி.

"போச்சே! என் புள்ள போச்சே!"

தலைமை நர்ஸ், பார்வையாளர் நேரம், எதுவும் ஞாபகம் இல்லை. படிகளில் வழுக்கி, முட்டி சிராய்த்து, ஈரச் செருப்போடு வார்டுக்குள் விழுந்தாள். மகளின் கட்டில் காலி என்று ஒரு கணம் கண் பொய் சொன்னது. காலி இல்லை. மகள் இடது பக்கம் திரும்பி, ஜன்னலைப் பார்த்தபடி, இரண்டு தலையணையில் சாய்ந்திருந்தாள். கன்னம் நனைந்திருந்தது. வாய் சிரித்தது.

"வந்துட்டியா? போன் பண்ணலாம்னு இருந்தேன். பார்த்தியாம்மா, மூணு!"

"என்னடி மூணு? எல்லாம் போச்சுடி!"

"எங்க போச்சு? நல்லா பாரு, மஞ்சப் பூக்கிட்ட."

அவள் ஜன்னலில் நெற்றியை முட்டிக்கொண்டு பார்த்தாள். நெருஞ்சிப் படர்வுக்குள் பெரிய பறவை நின்றது. அதன் மஞ்சள் கால்களைச் சுற்றி, கழுத்தில் வெள்ளைக் கோடு போட்ட மூன்று பஞ்சுருண்டைகள் தடுமாறி ஓடிக்கொண்டிருந்தன.

"நேத்து சாயங்காலம் நீ வீட்டுக்குப் போன பிறகு பெரிய பறவை முட்டை ஓட்டை எல்லாம் மூக்குல தூக்கிட்டுப் போய்த் தூரமாப் போட்டுச்சு. இப்போ விடியும்போதுதான் நடத்திக் கூட்டிட்டுப் போச்சு. ஒரு கார் வந்துச்சு, எனக்கு உயிரே போச்சு, காவலாளி மாமா கையைக் காட்டி நிறுத்திட்டாரு."

"நீ இங்கிருந்து இதெல்லாம் பார்ப்பியா?"

"வேற என்னம்மா வேலை எனக்கு? இந்தப் பக்கம் திரும்பித்தானே படுக்கச் சொன்னாங்க." மகள் குரல் இறங்கியது. "அதை மட்டும் பார்க்கலம்மா. உன்னையும்தான் பார்ப்பேன். நீ ஓடிக்கிட்டிருந்தப்போ எனக்கு என்னமோ ஆகப்போகுதுன்னே தோணும். அப்புறம் ஒருநாள் நீ உட்கார்ந்த. கால் மட்டும் ஆடிக்கிட்டே இருந்துச்சு, இங்கிருந்தே தெரிஞ்சுது. அதைப் பார்த்துக்கிட்டே தூங்கிட்டேன். அன்னைக்குத்தான் முதல் தடவையா நல்லா தூங்கினேன்."

மகளின் பாதத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். வாசலில் வந்து நின்ற தலைமை நர்ஸ் ஈரத் தரையைத் துடைக்க ஆள் அனுப்பினாள்.

"நாலாவது முட்டை ஏன்மா பொரியல?" என்றாள் மகள், கொஞ்ச நேரம் கழித்து.

எந்த மதியம் அவள் கூட்டருகே நின்று கத்திக்கொண்டிருந்தாளோ, எந்த வெயில் அதைச் சுட்டதோ. அல்லது அவள் எதுவுமே செய்யாமலும் அது அப்படித்தானோ. "தெரியலடி" என்றாள். மகள் தலையாட்டினாள். இழந்த இரண்டைப் பற்றி டாக்டரம்மா சொன்னதும் அந்த ஒரு வார்த்தைதான். கீழே போனதும் கூம்புகளை எடுத்து அடுக்கினாள். அந்த முட்டையைத் தொடவில்லை. தான் போட்ட முடிச்சையும் அங்கேயே விட்டுவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள், மாடி ஜன்னலுக்குத் தெரியும்படி அதைத் திருப்பிப் போட்டுக்கொண்டு.

தும்பை பூத்து மேடு முழுக்க வெளுத்தபோது, குஞ்சுகளுக்கு மஞ்சள் கால் நீண்டிருந்தது. ஒரு மத்தியானம் மாடி ஜன்னலைத் திறந்து தலைமை நர்ஸ் கீழே கத்தினாள். நாளெல்லாம் மற்றவர்களை அதட்டி அமைதியாக இருக்கச் சொல்லும் அந்த நர்ஸ், ஊரே திரும்பிப் பார்க்கும்படி கத்தினாள்.

"அம்மா! பொண்ணு! ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க! குட்டியா இருக்கு, ஆனா என்னமா கத்துது தெரியுமா!"

"கத்தாம? யார் பேத்தி!" என்றார் காவலாளி.

அவள் எழுந்துவிட்டாள். உள்ளே நுழைந்த காரிடம் சொன்னாள், வெளியேறிய காரிடம் சொன்னாள், டெக்னீஷியனின் தோளைப் பிடித்து உலுக்கினாள். மேனேஜரைக் கையைப் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் படியேறி ஓடினாள். அன்று சாயங்காலம் வரை நாற்காலியில் பூனைதான் இருந்தது.