பாணர் பாடம்

நேற்று மன்னார் பட்டினத்தில், கைபேசியின் உடைந்த கண்ணாடியை மாற்றப் போன கடையில் யாரோ ஓர் ஆர்மோனியத்தைத் திறந்து வைத்திருந்தார்கள். பழந்தோல், கற்பூரம், உப்புக் காற்று எல்லாம் கலந்த வாசம். வந்த வேலையை மறந்து நின்றுவிட்டேன். அந்த வாசத்தை இதற்கு முன் ஒரேயொரு வீட்டில்தான் முகர்ந்திருக்கிறேன்.

இலுப்பைக்கடவையில் எனக்கு முதல் வேலை. தமிழ் ஆசிரியர். படித்ததையெல்லாம் ஒரே கிழமையில் பிள்ளைகளின் தலையில் கொட்டிவிடும் வேகம். சோக்குத் தூள் என் தலைமயிர்வரை ஏறியிருக்கும். பத்தாம் தரத்தில் மூன்றாம் வாங்கின் ஓரத்தில் இருப்பவள் ஜெனிற்றா. நான் கேள்வியை முடிக்கமுன்னே அவள் கை உயர்ந்துவிடும். "சேர், நான் சொல்லுறன்!" அவளுடைய அப்பா பெனடிக்ற் கடலுக்குப் போகிறவர். திருநாள் காலங்களில் ஆர்மோனியத்தைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு கரையோரத் தேவாலயங்களுக்கெல்லாம் வாசிக்கப் போவார்.

அன்று பாடம் பாணர். பண் என்றால் இசை, பண் பாடியவர்கள் பாணர் என்றேன். பெரிய யாழ் வைத்திருந்தவர் பெரும்பாணர், சிறிய யாழ்க்காரர் சிறுபாணர். ஊரூராக நடந்தார்கள், பாடினார்கள், அரசர் இட்ட சோற்றையும் பரிசையும் பெற்றார்கள். அதோடு நிறுத்தியிருக்கலாம்.

"எங்கட ஊரிலயும் ஒரு பாணர் இருக்கிறார். ஜெனிற்றான்ர அப்பா!"

பெரிய பட்டம் சூட்டிவிட்ட நினைப்பு எனக்கு.

பின் வாங்கிலிருந்து ஒருவன் கேட்டான்: "அப்ப அவர் சோத்துக்குப் பாடுறவரோ, சேர்?"

வகுப்பே சிரித்தது. நானும் கொஞ்சம் சிரித்தேன். அதை மறைத்து இதை எழுத முடியாது. இடைவேளையில், "பாணன்ர மகள் வாறாள், சோறு போடுங்கோடா!" என்று கத்தியிருக்கிறார்கள். மறுநாள் அவள் வரவில்லை. அதற்கடுத்த நாளும்.

நான்காம் நாள் வீட்டுக்குப் போனேன். இருக்கக் கதிரை தந்தார்கள். பெனடிக்ற், பூச்சி அரிக்காமலிருக்க ஆர்மோனியத்துக்குள் கற்பூரம் வைத்துக்கொண்டிருந்தார். மன்னிப்புக் கேட்கப் போனவன் அதைக் கேட்கவில்லை.

"அண்ணை, பள்ளிக்கூடத்தில வந்து வாசிச்சுக் காட்டுங்கோ. பிறகு ஒருத்தரும் சிரிக்க மாட்டினம்."

"சேர், இது தவக்காலம். உயிர்த்த ஞாயிறு வரைக்கும் இதை வாசிக்கிறேல்லை." பெரியமடுவில் கோயில் மேளம் கேட்டு வளர்ந்த எனக்கு அது தெரியாது. அவர் மூடியைச் சாத்தினார். "வெறும் குரல்தான் இருக்கு. அதோட வாறன்."

உள்ளறையிலிருந்து ஜெனிற்றா சொன்னாள்: "அப்பா, நீங்கள் போகவேண்டாம்."

அது எனக்கும் கேட்டது. கேளாதவன்போல எழும்பினேன்.

அவர் வந்தார். கரும்பலகைக்குப் பக்கத்தில் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, சிலுவையடியில் தாய் அழும் பாட்டைப் பாடினார். முடித்துவிட்டுப் பின் வாங்கைப் பார்த்தார்.

"சோறு போடுவினம்தான், தம்பி. நல்ல சோறு. ரெண்டாந்தரமும் வேண்டிச் சாப்பிடுவன்."

கேலி செய்தவனே முதலில் எழும்பி, "மன்னிச்சுக்கொள்ளுங்கோ" என்றான். நான் அதற்குப் பிறகும் மன்னிப்புக் கேட்கவில்லை. பாடம் வென்றுவிட்ட பெருமையில் இருந்தேன். அப்பாவோடு வந்திருந்த ஜெனிற்றா மேசையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு அவள் ஒழுங்காக வந்தாள். பெயர் சொல்லிக் கேட்டால் எழும்பிச் சரியாகச் சொல்வாள், இருந்துவிடுவாள். பரீட்சை எழுதிப் பள்ளியை விட்டுப் போகும்வரை என் வகுப்பில் அந்தக் கை மறுபடி உயரவேயில்லை.

இப்போது வேறு பள்ளிக்கூடம். வருடந்தோறும் பாணர் பாடம் வருகிறது. பண்ணைச் சொல்கிறேன், யாழைச் சொல்கிறேன், எவருடைய அப்பாவையும் சொல்வதில்லை. கேள்வி கேட்டதும் பிள்ளைகள் கைகளை உயர்த்துகிறார்கள். நான் முதலில் மூன்றாம் வாங்கின் ஓரத்தைப் பார்க்கிறேன்.