ஒரு 'ஈ' குறைந்த தந்தி

என் பிள்ளையின் ஞானஸ்நானத்துக்கு ஐயாவைக் கொழும்புக்கு வரச்சொல்லி எழுதியிருந்தேன். ஊர்காவற்றுறையிலிருந்து தம்பி ஆங்கிலத்தில் தந்தி அடித்தான்: "ஃபாதர் டையிங். கனொட் கம்." ஐயா சாகக் கிடக்கிறார் என்று, கைக்குழந்தையோடு அழுதழுது ரயிலேறினேன்.

வீட்டு முற்றத்தில் ஐயா முழங்கைவரை சாயத்தோடு வலை தோய்த்துக்கொண்டு நின்றார். "என்ன பிள்ளை, சொல்லாமல் கொள்ளாமல் வந்து நிக்கிறாய்?"

தம்பி முழித்தான். "வலைக்குச் சாயம் போடுறார், வர ஏலாது எண்டுதானே அக்கா அடிச்சனான்."

சாயம் போடுவதென்றால் ஆங்கிலத்தில் அந்த 'டையிங்' என்ற சொல்லில் 'வை' எழுத்துக்குப் பிறகு ஒரு 'ஈ' வரவேண்டும். அதை விட்டால் சாவு. "ஒரு எழுத்துத்தானே" என்று எனக்கே நியாயம் சொன்னான்.

இப்போது அவனுக்குக் கண்டிப்பாகச் சொல்லி வைத்திருக்கிறேன்: ஆர் செத்தாலும் தமிழில் தபால் போடு, போதும்.