லயத்துக்கு இறங்கிய இரத்தப் பேய்

கொழும்பிலிருந்து வந்த டைரக்டர், இரத்தம் குடிக்கும் பேயைப் பற்றிய பழைய வெளிநாட்டுக் கதையைப் பதுளையில் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் படமாக்க, என்னை வசனம் எழுதச் சொன்னார். பேயை நான் தோட்டத்தை நிர்வகிக்கும் துரையின் பங்களாவில் வைத்தேன். வேறெங்கே வைப்பது? படப்பிடிப்புக்குப் பங்களாவைத் தருவதாகத் துரை சொன்ன மறுவாரமே, கதையில் அந்தப் பேய் தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தில் குடியிருக்கும் கொழுந்து பறிக்கும் பெண்ணாகிவிட்டது.

“துரை ஏதும் சொன்னாரா?” என்று டைரக்டரைக் கேட்டேன்.

“சேச்சே, கதைக்கு அதுதான் அண்ணே நல்லது,” என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

அந்த வேடத்துக்கு, கொழுந்து பறிக்கும் என் அக்காவையே கேட்டார்.

“காலெல்லாம் அட்டை கடிச்சுக் கெடக்கு. நான் யாரு ரத்தத்தக் குடிக்கிறது தம்பி?” என்று அவள் சிரித்தாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. எங்கள் பெண்களை அப்படிக் காட்ட என் வசனம் கிடையாது என்று சொல்லிவிட்டேன். அன்று மத்தியானமும் டைரக்டருக்குப் பங்களாவில்தான் சாப்பாடு.