இதய நுனியில் ஒரு கறுப்பு

இதயத்தின் நுனி கறுப்பாக இருந்தது. திரையில் மற்ற இடமெல்லாம் பால் ஊற்றியதுபோல் வெள்ளை. நுனியில் மட்டும் இருட்டு. நோயாளியின் நெஞ்சில் வைத்திருந்த ப்ரோபை, அந்த ஒலி அனுப்பும் கருவியை, இன்னும் கொஞ்சம் அழுத்திப் பிடித்தேன்.

இதயத்தை ஒலியால் படமெடுக்கும் எக்கோ டெக்னீஷியனாகச் சேர்ந்தபின் ஒரு கான்ட்ராஸ்ட் கேஸை நானே முழுதாக எடுத்த முதல் நாள் அது. தேனாம்பேட்டை ஆஸ்பத்திரியில் எங்கள் எக்கோ ரூமுக்கு ஜன்னல் கிடையாது. படுக்கையில் இடப்பக்கம் ஒருக்களித்துக் கிடந்தவர் கஸ்தூரி அக்கா. நொச்சிக்குப்பத்தில் மீன் விற்பவர், ஹார்ட் அட்டாக் வந்து அட்மிட் ஆனவர். சாதாரண எக்கோவில் நுரையீரல் மறைத்துக்கொண்டு நுனி சரியாகத் தெரியவில்லை. அதனால்தான் கான்ட்ராஸ்ட். கண்ணுக்கே தெரியாத வாயுக் குமிழிகளை ஊசி வழியாக ரத்தத்தில் விடுவோம். ரத்தம் போகும் இடமெல்லாம் திரையில் வெளுக்கும். போகாத இடம் கறுப்பாக நிற்கும்.

நிற்கும் கறுப்பு, ரத்தக் கட்டியாக, அதாவது க்ளாட்டாக இருக்கலாம். அது பிய்த்துக்கொண்டு மூளைக்குப் போனால் பக்கவாதம். அதைத் தடுக்க ரத்தத்தை உறையவிடாத மருந்து கொடுத்தாக வேண்டும். ஆனால் அக்காவுக்குப் போன மாதம்தான் வயிற்றுப் புண்ணில் ரத்தம் கசிந்திருந்தது. மருந்தே ஆளைச் சாய்த்துவிடலாம். மருந்து வேண்டுமா வேண்டாமா என்று என் படம்தான் சொல்ல வேண்டும்.

"இன்னா பாப்பா, கம்முனு ஆய்ட்ட?"

ரிசல்ட்டை டாக்டர்தான் சொல்வார். டெக்னீஷியன் முகத்தில்கூட எதுவும் தெரியக் கூடாது. இது எங்கள் ரூமின் முதல் விதி.

"ஒண்ணுமில்லக்கா. மூச்ச மெதுவா விடுங்க."

"ஒண்ணுமில்லன்ற மூஞ்சியா இது? நாள் பூரா மீன் வாங்க வர்றவங்க மூஞ்சிய பாத்துக்கினு கீறவ நானு. வாங்குவானா, சும்மா வெல கேட்டுட்டு போவானான்னு தூரத்துலயே சொல்லிருவேன்."

ஊசி போட்ட சிஸ்டர் சிரித்துவிட்டார். நான் திரையையே பார்த்தேன்.

பின்னால் நின்றிருந்த டாக்டர் மேடம் என் தோளுக்கு மேலே குனிந்து பார்த்தார். "க்ளாட் மாதிரிதான் இருக்கு. ஆனா ஓரத்த பாரு, சுழலுது. க்ளாட் சுழலுமா?"

என் கண் திரையின் மேல்மூலைக்கு ஓடியது. எம்.ஐ. என்று போட்டிருக்கும் எண், அதாவது ஒலியின் பவர், எகிறியிருந்தது. சற்று முன்தான் வால்வு கசிகிறதா என்று பார்க்க, ரத்த ஓட்டத்தை நிறத்தில் காட்டும் கலர் போட்டோம். கான்ட்ராஸ்டுக்காகப் பவரைக் குறைத்து வைத்திருந்தோம்; கலரை எடுத்ததும் மெஷின் தன் வழக்கமான பவருக்குத் திரும்பிவிட்டது. அந்தப் பவரில் குமிழிகள் உடையும். ப்ரோபுக்கு மிக அருகில் இருப்பது இதய நுனி. அங்கேதான் முதலில் உடையும்.

"மேடம், எம்.ஐ. ஏறியிருக்கு."

"கொற. சிஸ்டர், இன்னும் கொஞ்சம் விடுங்க."

சிஸ்டர் குப்பியைக் குலுக்கி, மெதுவாக ஏற்றினார். காத்திருந்தோம். அப்போதுதான் பயம் இரட்டிப்பானது. உடைந்த குமிழிகளுக்குப் பின்னால் நிஜமாகவே ஒரு கட்டி ஒளிந்திருந்தால்? ஒரு துடிப்பு. கறுப்பு அப்படியே இருந்தது. அடுத்த துடிப்பில் அடியிலிருந்து வெள்ளை ஏறியது. பிறகு இன்னும் கொஞ்சம். அட்டாக்கில் அடிபட்ட நுனி சோம்பலாகத்தான் அசைந்தது. ஆனாலும் ஓரம்வரை நிரம்பியது.

"கட்டி இல்லம்மா. அந்த மருந்து வேணாம்" என்றார் டாக்டர்.

அக்கா டாக்டரைப் பார்க்கவே இல்லை. "நீங்க சொல்றதுக்கு முன்னாலயே தெரிஞ்சிக்கினேன். இப்பதான் பாப்பா மூஞ்சில ரத்தம் ஓடுது."

மாலை மாம்பலம் ஸ்டேஷன் கூட்டத்தில், வந்த ரயிலில் ஏறாமல் நின்றுவிட்டேன். இல்லாத கட்டிக்கு மருந்து போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அங்கேதான் முழுதாக யோசித்தேன்.

புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். கறுப்பு தெரிந்தால், நோயாளியின் இதயத்தைச் சந்தேகப்படுவதற்கு முன் உங்கள் மெஷினைச் சந்தேகப்படுங்கள். இன்றும் கலரை எடுத்ததும் என் கண் முதலில் அந்த மூலைக்குத்தான் போகிறது. பயம் போகவில்லை. போக வேண்டாம் என்றே விட்டுவைத்திருக்கிறேன்.