எனக்கு ஏற்ற லினக்ஸ் எது

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். பார்வை போன பிறகுதான் ஒழுங்காக எழுதப் பழகினேன், அதுவும் கம்ப்யூட்டரில். பெருமையாகத்தான் சொல்லுகிறேன். கீபோர்டில் எஃப், ஜே கட்டைகளில் இருக்கிற சின்ன மேட்டைத் தொட்டால் போதும், விரல்களுக்கு வழி தெரிந்துவிடும். தொடுகிற போனில் அது கிடையாது. விரல் பாசி பிடித்த பாறையில் போவதுபோல வழுக்கும்.

குவைத்தில் இருக்கிற என் மகள் எனக்கு ஈமெயில் எழுதுவாள். கம்ப்யூட்டர் அதை வாசிக்கும். காதில் ஒயரை மாட்டிக்கொண்டு கேட்பேன். அவள் வீட்டுக்காரரைப் பற்றி எழுதுவதெல்லாம் தாய்க்கு மட்டும் எழுதுவது. பிறகு அந்த வாசிக்கிற குரல் திக்கித் திக்கி ஒருநாள் நின்றே போனது. ரிப்பேர் கடைக்காரர், பழைய மெஷின், புது விண்டோஸைத் தாங்காது, அதற்குப் பதிலாக இலவசமாகக் கிடைக்கிற லினக்ஸ் போடுங்கள் என்றார். அதுவரை மருமகள் வாசித்துச் சொன்னாள். நல்ல பிள்ளைதான். ஆனால் ஒரு கடிதத்தின் நடுவில் நிறுத்தினாள், மூச்சு விட்டாள், "மைனி சுகமா இருக்காவளாம் மாமி" என்று என் மகளைப் பற்றி முடித்துவிட்டாள். எதை விழுங்கினாள் என்று எனக்குத் தெரியவில்லை.

குளச்சலில் ரீசார்ஜ் கடை வைத்திருக்கிற, கம்ப்யூட்டர் தெரிந்த ஒரு தம்பியைப் போனில் கூப்பிட்டு, லினக்ஸ் போடவேண்டும் என்றேன். அவருக்கும் பார்வை இல்லை; அவருக்குப் பிறவியிலேயே.

"எந்த லினக்ஸ் அக்கா?"

"லினக்ஸ்தான். அதுல என்ன எந்த?"

"அது நூறு இருக்கு. உங்க சபை மாதிரின்னு வையுங்க. வேதம் ஒண்ணு, சபை எத்தன?"

அது விளங்கியது. விளங்கியதுதான் வினை. எங்களில் சபை மாறுவது லேசு இல்லை. போதகர் முகம் சுளிப்பார், சொந்தக்காரர்கள் பேச்சை நிறுத்துவார்கள், கல்லறைத் தோட்டத்தில் இடம் இருக்குமா என்றுகூட யோசிக்க வேண்டும். ஒரு லினக்ஸைத் தொட்டால் அதோடுதான் சாகவேண்டும் என்று நினைத்து, மழைக்காலம் முழுக்க ஒன்றையும் தொடாமல் இருந்தேன். ஜெபத்திலும் வைத்தேன்.

"எந்த ராசகுமாரனுக்குப் பெண்ணு பாக்கிய மாமி, இவ்வளவு யோசன?" என்றாள் மருமகள்.

"பெண்ணுன்னா ஒரு நாள்ல முடிச்சிருப்பேன் ஏட்டி."

கடைசியில் தம்பியிடமே கேட்டேன். "சேந்த பொறவு பிடிக்கலன்னா என்ன செய்ய?"

சிரித்தார். "யாரு அக்கா உங்கள சேரச் சொன்னா? பென்டிரைவ்ல தாறேன். சொருகி ஓட்டிப் பாருங்க. பிடிக்கலன்னா உருவிடுங்க, உள்ள உள்ளது அப்படியே கிடக்கும்."

"பேரு குடுக்காமலா?"

"குடுக்காம."

மருமகள் போய் மூன்று பென்டிரைவ் வாங்கிவந்தாள், ஒவ்வொன்றிலும் ஒரு லினக்ஸ். முதலாவதைச் சொருகினேன். சத்தமே இல்லை. "அழகா படமெல்லாம் வந்திருக்கு மாமி" என்றாள். எனக்கு அது வெறும் சுவர். சில கட்டைகளைச் சேர்த்து அமுக்கினால்தான் வாய் திறக்குமாம். இரண்டாவது இனிமையாகப் பேசியது; ஆனால் கம்ப்யூட்டரில் நிரந்தரமாகப் பதிக்கத் தொடங்கியதும் ஊமையாகிவிட்டது. மூன்றாவது ஒரு பீப் அடித்தது. தம்பி சொல்லியிருந்தபடி எஸ், என்டர் அமுக்கினேன். தகர டப்பாவுக்குள் இருந்து பேசுகிற மாதிரி ஒரு குரல். ழ சுத்தமாக வரவில்லை. ஆனால் பதிக்கும்போதும் விடாமல் பேசும் என்று தம்பி சொல்லியிருந்தார்.

மருமகளுக்கு முதலாவது பிடித்தது, தம்பிக்கு இரண்டாவது. எனக்கு மண்டை குழம்பியது. குரல் நன்றாக இருப்பது பெரிதா, கூடவே வருவது பெரிதா? மூன்றாவதைப் போட்டேன். போனில் தம்பி கூட இருந்தார். அவரும் என்னைப்போல என்பதால் அவரிடம் கேட்பது எனக்குக் குறைச்சலாகப் படவில்லை. அந்த லினக்ஸ் கேட்ட கேள்விகளில் பாதி இன்றைக்கும் விளங்கவில்லை. அவர் அமுக்கச் சொன்னதை அமுக்கினேன்.

பிறகு மகளுக்கு எழுதினேன்: "இனி நீ எழுதுவதை நான் மட்டும்தான் கேட்பேன். மறைக்காமல் எழுது." அனுப்பியதும் அந்தத் தகரக் குரல் ஏதோ சொன்னது. போய்விட்டது என்றதா, போகவில்லை என்றதா, பிடிபடவில்லை. யாரையும் கூப்பிட்டுக் கேட்கவும் மனமில்லை.

மறுநாள் பதில் வந்திருந்தது. நீளமான பதில். கதவைச் சாத்தினேன்.