மிலாறுக் கணக்கு

காபன் தடம் என்று யாராவது சிரித்த முகத்தோடு சொன்னால் எனக்கு இன்றும் பற்றிக்கொண்டு வரும். அந்தத் தடத்தை அளந்து கொடுத்தவர்களில் நானும் ஒருவன். அதனால் அந்தக் கோபத்தில் பாதி எனக்கே சேர வேண்டியது. மீதியை நான் யாருக்கும் தள்ளுபடி செய்வதாக இல்லை.

ஹேவாஹெட்டப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகளான லயத்தில் பிறந்து, படித்து, அதே தோட்டத்தை நடத்தும் கம்பனியின் கண்டிக் கந்தோரில் கதிரை பிடித்தவன் நான். வெளிநாட்டில் எங்கள் தேயிலையை வாங்குகிறவர்கள் ஒருநாள், கம்பனியின் காபன் தடம் என்ன, அதாவது எவ்வளவு புகை விடுகிறது, அதை எப்படிக் குறைக்கப் போகிறது என்று கேட்டு எழுதினார்கள். உடனே கொழும்பிலிருந்து ஒரு நிபுணர் வந்து இறங்கினார். லயத்துப் பிள்ளை, ஆட்களோடு பேசத் தெரியும் என்று சொல்லி என்னை அவரோடு கோர்த்துவிட்டார்கள்.

நிபுணர் யாழ்ப்பாணத்துக்காரர். குரல் உயர்த்தாமல் பேசுவார். அதுவே எனக்குப் பிடிக்கவில்லை. தொழிற்சாலையில் தேயிலை உலர்த்தும் அடுப்புக்கு விறகு தூரத்திலிருந்து லொறியில் வருகிறது. அந்த லொறிகள் குடிக்கும் டீசல்தான் அவர் கண்ணை உறுத்தியது. அவரை ஏற்றி வந்த ஜீப்போ வாசலில் ஏசி ஓட நின்றுகொண்டிருந்தது. அதை எந்தப் பக்கத்தில் எழுதுவது என்று கேட்டேன்.

"அது எங்கட கம்பனியின்ர வாகனம், தம்பி. உங்கட கணக்கின்ர எல்லைக்குள்ள வராது" என்றார்.

பிறகு, கிட்டவே விறகு கிடையாதா என்று கேட்டார். அப்போதாவது நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். என் கெட்டிக்காரத்தனத்தைக் காட்ட மிலாறைச் சொன்னேன். தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டும்போது விழுகிற குச்சிகள்தான் மிலாறு. வேலை முடிந்ததும் பெண்கள் அதைக் கட்டித் தலையில் சுமந்து வீட்டுக்குக் கொண்டுபோவார்கள். லயத்தில் சோறு வேகுவது அதில்தான். தோட்டத்து மனேஜரை நாங்கள் துரை என்போம். எத்தனை துரைமார் வந்து போனாலும் மிலாறில் ஒருவரும் கை வைத்ததில்லை.

"எவ்வளவு கொண்டு போகினம் எண்டு வீடு வீடாக் கேட்டு எழுதுங்கோ" என்றார் நிபுணர்.

படிவத்தைத் தூக்கிக்கொண்டு முதலில் என் அக்கா வீட்டுக்குத்தான் போனேன். அவள் கொழுந்து பறிக்கிறவள். கணவன் போய்ச் சேர்ந்துவிட்டான். இரண்டு பெண் பிள்ளைகள்.

"ஒரு நாளைக்கு எத்தன கட்டு எடுப்பக்கா?"

"எதுக்குடா கேக்குறாங்க? காஸ் அடுப்பு குடுக்கப் போறாங்களா?"

"தெரியல. கம்பனி கணக்கு எடுக்குது."

"அப்ப மூணு கட்டுன்னு போட்டுக்க."

ஒரு கட்டுக்கு மேல் அவள் கழுத்து தாங்காது என்று எனக்குத் தெரியும். ஆனால் எங்கள் லயங்களுக்குப் படிவத்தோடு வருகிறவன் ஏதோ கொடுக்கத்தான் வருவான். மண் சரிந்தால் கூரைத் தகரம், மழை விடாவிட்டால் அரிசி. கூட்டிச் சொன்னால்தான் பாதியாவது கைக்கு வந்து சேரும் என்பது எல்லோருக்கும் பழகிப்போன பாடம். லயத்தில் ஒரு குடும்பத்துக்கு ஒரு காம்பரா. அடுத்த காம்பராவில் நான்கு கட்டு, அதற்கடுத்ததில் ஐந்து. நான் ஒன்றையும் திருத்தவில்லை. படித்து உத்தியோகம் பார்க்கிற நானும் மனதுக்குள் காஸ் அடுப்பைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். முட்டாள்.

நிபுணர் எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்துவிட்டு முகம் மலர்ந்தார். இவ்வளவு குச்சி தோட்டத்திலேயே கிடக்கும்போது லொறி எதற்கு? இனி மிலாறு முழுவதும் தொழிற்சாலைக்கே என்று ஒரே வரியில் எழுதினார். துரை ஒப்பமிட்டார். கவ்வாத்து மலையில் வாச்சர் காவலுக்கு நின்றான். நான் பதறிப்போய், ஆட்கள் கூட்டிச் சொல்லியிருக்கிறார்கள், அவ்வளவு மிலாறு கிடையாது என்றேன்.

"நீங்கள்தானே எழுதினனீங்கள்?" என்றார் நிபுணர், குரல் உயர்த்தாமல்.

மிலாறு தொழிற்சாலைக்குப் போதாது என்பது சீக்கிரமே தெரிந்தது. லொறிகள் திரும்ப வந்தன. ஆனால் இந்த முறை விறகை வாசலில் கொண்டுவந்து இறக்குவது ஒரு ஒப்பந்தக்காரர் பொறுப்பு. டீசல் அவருடையது, ஆகவே கம்பனிக் கணக்கின் எல்லைக்கு வெளியே. அறிக்கையில் கம்பனியின் புகை குறைந்தது. கண்டியில் ஒரு ஹோட்டலில் விழா வைத்துச் சான்றிதழ் வாங்கினார்கள். மிலாறுத் தடையை மட்டும் யாரும் நீக்கவில்லை. நீக்கினால், மிலாறை எரித்துப் புகையைக் குறைத்ததாக அறிக்கையில் காட்டியது கெட்டுப்போகுமாம். அந்த மண்டபத்தில் கைதட்டிய ஒருவரையும் நான் மன்னிக்கவில்லை. நானும் தட்டினேன்.

மறுவருடம் அதே படிவத்தோடு லயத்துக்குப் போனேன். எனக்கு வணக்கம் சொல்ல ஒரு வாசலிலும் ஆளில்லை. அக்கா குசினியில் இருந்தாள். அடுப்பில் அவளுடைய அலுமாரிக் கதவு எரிந்துகொண்டிருந்தது. ஒரு கதவு சுவரில் சாய்ந்திருந்தது, மற்றது பாதி வரை அடுப்புக்குள். பிள்ளைகளின் பள்ளி உடுப்புகள் உரப் பையொன்றில் தொங்கின. வார்னிஷ் கருகும் நாற்றத்தில் சின்னவள் விடாமல் இருமினாள்.

"காஸ் வாங்கித் தர்றேன்னு எத்தன தடவ சொன்னேன்?" என்று கத்தினேன்.

"எனக்கு வாங்கித் தருவ. மத்த காம்பராவுக்கு யாரு வாங்கித் தருவா? ஒந்தம்பி எழுதிக்கிட்டுப் போயித்தான் இப்புடி ஆச்சுன்னு லயமே சொல்லுது. நான் மட்டும் காஸ்ல சமைச்சா யாரு என் மூஞ்சில முழிப்பா? நீ கேக்க வந்ததக் கேட்டுட்டுப் போ."

"தோட்டத்து விறகு எத்தன கட்டு எடுக்குற?"

அவள் கதவை இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளினாள்.

"ஒன்னுமில்ல."

இந்த முறை அவள் கூட்டியும் சொல்லவில்லை, குறைத்தும் சொல்லவில்லை. பூச்சியம் என்று எழுதிவிட்டு, அடுத்த காம்பராக் கதவைத் தட்டினேன்.