அண்ணன் வேலை தேடிய வருஷம்

ஆடிக் காற்று புழுதியை வாரி அடித்துக்கொண்டிருந்த நாட்களில்தான் அண்ணன் புழல் சிறையிலிருந்து வீட்டுக்கு வந்தான். வந்த மறுநாளே போய் முடிவெட்டிக்கொண்டான். அதற்கும் மறுநாள் அண்ணியிடம் வெள்ளைச் சட்டையை எடுத்து இஸ்திரி போடச் சொன்னான். மூன்று வருஷத்தில் உடம்பு இளைத்துப்போயிருந்ததால் சட்டை தோளில் நிற்காமல் தொங்கியது.

"என்ன அவசரம், ஒரு வாரம் வீட்ல இரேன்" என்றேன்.

"உள்ள இருந்ததே போதும்மா" என்றான்.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். அண்ணன் ஏசி மெக்கானிக். ஐ.டி.ஐ. முடித்ததிலிருந்து தாம்பரத்திலும் குரோம்பேட்டையிலும் சர்வீஸ் கடைகளில் இருந்தவன். ஒருநாள் மேடவாக்கத்தில் ஒரு வீட்டு மொட்டைமாடியில் வேலை செய்துகொண்டிருந்தபோது, கூட வந்த மெக்கானிக்கோடு வாய்ச்சண்டை. அந்த ஆள் அண்ணியைப் பற்றி ஏதோ சொல்லியிருக்கிறார். அண்ணன் கையில் ஸ்பேனர் இருந்தது. அவருடைய இடது கண் போய்விட்டது. அடித்தது அண்ணன்தான், எங்கள் வீட்டில் யாரும் அதை வேறு மாதிரி பேசியதில்லை. வக்கீல் சொல்லிக்கொடுத்ததை அவன் கோர்ட்டில் சொல்லவில்லை. தீர்ப்பு வந்த அன்று திரும்பி அண்ணியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், போலீஸ்காரர்களோடு நடந்துபோனான்.

அப்போது அத்தாவும் அம்மாவும் உயிரோடு இல்லை. நானும் அண்ணியும் ஒரே வீட்டில் இருந்து சமாளித்தோம். அண்ணி வீட்டிலேயே நைட்டி தைத்தார். நான் நாவலூரில் ஒரு ஐ.டி. கம்பெனியில் எச்.ஆர். பிரிவில் இருக்கிறேன். புதிதாகச் சேருகிறவர்களின் படிப்பு, பழைய வேலை, முகவரி, அவர்கள் மேல் கோர்ட்டில் வழக்கு உண்டா என்பதையெல்லாம் ஒரு ஏஜென்சி மூலம் சரிபார்க்கிற வேலை என்னுடையது. அதனால், வெள்ளைச் சட்டையை மாட்டிக்கொண்டு அவன் படி இறங்கிய அன்று அவனுக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரிந்திருந்தது. அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

முதலில் பழைய முதலாளியிடம் போனான். மேற்குத் தாம்பரத்தில் கடை. அவர் எழுந்து வந்து தோளைத் தட்டி, டீ வாங்கிக் கொடுத்து, பக்கத்திலேயே உட்கார வைத்துக்கொண்டாராம்.

"உன் வேலய பத்தி எனக்கு தெரியாதா பாய்? ஆனா நாம அனுப்பற வூட்டுல பகல்ல லேடீஸ் தனியா இருப்பாங்க. நாளைக்கி எவனாவது வந்து, இவன் யாரு தெரியுமான்னு கேட்டா நான் இன்னா பதில் சொல்லுவேன்? நீயே சொல்லு."

அண்ணன் அதை அப்படியே வந்து சொன்னான். கோபமில்லாமல், முதலாளி பக்கம் நின்று சொல்வது போலவே சொன்னான். "அவரு கேக்கறதும் நியாயந்தான்" என்றான்.

பிறகு சேலையூர், பல்லாவரம், வேளச்சேரி. தெரியாத கடைகளில் முதல் நாள் சேர்த்துக்கொள்வார்கள். மூன்றாவது நாளோ நாலாவது நாளோ யாராவது அடையாளம் சொல்லிவிடுவார்கள். மெக்கானிக்குகளின் உலகம் சின்னது. ஸ்பேர் பார்ட்ஸ் வாங்க எல்லோரும் ஒரே சில கடைகளுக்குத்தான் வருவார்கள். இடையில் அவனே ஒரு யோசனை செய்தான். இனிமேல் நாமே முதலில் சொல்லிவிடலாம் என்று. அப்படிச் சொன்ன கடைகளில் முதல் நாளே முடிந்துபோனது.

போன் ஆப்பில் வீட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் கம்பெனி ஒன்றில் அண்ணி பதிவு செய்து கொடுத்தார். பரீட்சை மாதிரி ஒன்று வைத்தார்கள், அதில் தேறினான். சீருடை அளவுகூடக் கேட்டார்கள். ஒரு வாரம் கழித்து ஆங்கிலத்தில் ஒரு மெசேஜ் வந்தது. அண்ணன் போனை என்னிடம் நீட்டினான். இப்போது தங்களைச் சேர்த்துக்கொள்ள இயலவில்லை, தங்கள் ஆர்வத்துக்கு நன்றி. இதே வாக்கியத்தை நானும் எத்தனையோ பேருக்கு அனுப்பியிருக்கிறேன்.

"போன் பண்ணி கேக்கலாமா?" என்றான்.

கேட்டோம். பதிவு செய்த குரல்தான் பேசியது. தமிழுக்கு ஒன்றை அழுத்தச் சொன்னது. அழுத்தினோம். கொஞ்ச நேரம் பாட்டு ஓடி, லைன் அறுந்தது. அண்ணன் மறுபடி அழுத்தினான். அன்று மாலை முழுக்க அவன் அழுத்திக்கொண்டே இருந்தான். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

எங்கள் அலுவலகக் கட்டடத்தின் ஏசி பராமரிப்பை ஒரு கான்ட்ராக்டர் எடுத்திருந்தார். அவருடைய சூப்பர்வைசர் ஆள் பற்றாக்குறை என்று புலம்பியதைக் கேட்டு, அண்ணனைப் பற்றிச் சொன்னேன். வழக்கு விஷயத்தை மறைக்க வேண்டாம் என்று அண்ணன் முன்பே சொல்லியிருந்தான். அதையும் சொன்னேன்.

"ஆளு வேலை தெரிஞ்சவரா?"

"பதினஞ்சு வருஷ அனுபவம் சார்."

"வரச் சொல்லுங்க மேடம். அந்த வெரிஃபிகேஷன் எல்லாம் வரும்போது பாத்துக்கலாம்."

அதுதான் எங்களுக்குக் கிடைத்த நல்ல காலம். தாம்பரத்திலிருந்து சோழிங்கநல்லூர் வரை பஸ், அங்கிருந்து ஷேர் ஆட்டோ. இருவரும் ஒன்றாகவே போவோம். நாவலூரில் இறங்கியதும் அண்ணன் என்னை விட்டு முன்னால் போய்விடுவான். "ஆபீஸ்ல என்னைப் பாத்தா தெரியாத மாதிரி போயிடு. உனக்கு எதுக்கு பேஜாரு" என்று முதல் நாளே சொல்லிவிட்டான். ஒருநாள் எங்கள் மீட்டிங் அறையில் கூரைப் பலகையைக் கழற்றிவிட்டு ஏணியில் நின்று வேலை செய்துகொண்டிருந்தான். தலை கூரைக்குள் இருந்தது. முழங்காலுக்குக் கீழேதான் தெரிந்தது. ஷூவைப் பார்த்து அடையாளம் கண்டுகொண்டேன். அண்ணி வாங்கிக் கொடுத்த ஷூ. உள்ளிருந்து ஏதோ முணுமுணுப்பாகப் பாட்டு வந்தது. அவன் பாடி நான் கேட்டு வருஷக்கணக்கில் ஆகியிருந்தது.

மழை தொடங்கிய வாரத்தில் ஒரு காலை, கேட்டில் அடையாள அட்டையைத் தேய்க்கிற இடத்தில் வரிசை நகராமல் நின்றது. எட்டிப் பார்த்தேன். அண்ணன். அட்டையைத் தேய்த்தான், சிவப்பு விளக்கு. துடைத்துவிட்டு மறுபடி தேய்த்தான், சிவப்பு. தினமும் அவனோடு டீ குடிக்கிற செக்யூரிட்டிதான் அன்று நின்றிருந்தார்.

"அண்ணா, மேல இருந்து சொல்லிட்டாங்கண்ணா. அட்டையக் குடுத்துடச் சொன்னாங்க."

"உள்ள என் டூல் பை இருக்குதுப்பா."

"நான் எடுத்தாந்து தரேண்ணா. நீங்க இப்டி ஓரமா நில்லுங்க."

ஓரமாக நின்றான். வரிசை அவனைத் தாண்டி நகரத் தொடங்கியது. நான் வரிசையை விட்டு அவனிடம் போக ஒரு அடி எடுத்தேன். அண்ணன் தலையை லேசாக ஆட்டினான். போ, உள்ளே போ என்று கண்ணால் சொன்னான். என் அட்டைக்குப் பச்சை விளக்கு எரிந்தது.

அன்று மதியம் என் மேனேஜரிடம் போய், அது என் அண்ணன் என்று சொன்னேன். அவர் நல்ல மாதிரி. என் அம்மா இறந்தபோது வீட்டுக்கு வந்தவர். கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"எனக்குப் புரியுதும்மா. நான் மட்டும் முடிவு பண்றதா இருந்தா வேற விஷயம். பில்டிங்குக்குள்ள வர்ற எல்லாருக்கும் க்ளியர் ரிப்போர்ட் இருக்கணும்னு க்ளையன்ட் அக்ரிமென்ட்லயே இருக்கு. ஆடிட்ல மாட்டினா அந்த ஏசி கான்ட்ராக்டே போயிடும். அவங்க ஆளுங்க அத்தனை பேருக்கும் வேலை போகும்."

"தண்டனையை முழுசா முடிச்சிட்டுதானே மேடம் வந்திருக்கான். அவன் வேற எங்கயும் போறதில்ல, ஏசி இருக்கற ரூமுக்கு மட்டும்தான் போறான்."

"ஏசி எல்லா ரூம்லயும் இருக்கேம்மா" என்றார்.

அவர் சொன்னதில் எதையும் நான் மறுக்க முடியாது. அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன். வருஷக்கணக்காக வேறு வேறு ஆட்களுக்கு அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். கழிப்பறைக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு என் இடத்தில் வந்து உட்கார்ந்தேன்.

அந்த மாதத்தில்தான் கண் போனவரைப் பார்த்தேன். தாம்பரம் ஸ்டேஷன் நடைமேம்பாலத்தில் கூட்டத்தோடு கூட்டமாக எதிரே வந்தார். கறுப்புக் கண்ணாடி. முன்பெல்லாம் பெருநாளுக்கு எங்கள் வீட்டில் பிரியாணி சாப்பிட்டவர். நான் ஒதுங்கிவிடலாம் என்று நினைப்பதற்குள் அவர் நின்றுவிட்டார்.

"தங்கச்சி, நல்லா கீறியா?"

"இருக்கேண்ணா."

"உங்கண்ணன் வந்துட்டான்னு சொன்னாங்க. வேலைக்கி போறானா?"

"தேடிக்கிட்டு இருக்கான். எங்கயும் கிடைக்கலண்ணா."

அவர் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழே ரயிலைப் பார்த்தார். "என்னியும் எவனும் ஏணி மேல ஏத்த மாட்டேன்றான். ஒரு கண்ணுல எட்டம் தெரியல. கை வெக்கிற எடம் ஒண்ணு, ஸ்க்ரூ கீற எடம் ஒண்ணு. கடையில குந்திகினு போன் எடுக்கறேன்."

மன்னிப்புக் கேட்கலாம் என்றால், அதைக் கேட்க நான் யார் என்றும் தோன்றியது.

"அவனுக்கு வேல குடுக்காதன்னு நான் எவன்கிட்டயும் சொன்னதில்ல. அத அவன்கிட்ட சொல்லு" என்றார். இரண்டு படி இறங்கி, மறுபடி திரும்பினார். "ஆனா குடுன்னும் சொல்ல மாட்டேன் தங்கச்சி. என்னால முடியாது."

வீட்டுக்குப் போய் அண்ணனிடம் ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். அப்போது சாப்பிட்டுக்கொண்டிருந்தான். கை சோற்றிலேயே நின்றது. "கண்ணு இன்னும் வலிக்குதாமா?" என்று கேட்டான். நான் அதைக் கேட்டிருக்கவில்லை.

அதன் பிறகு அண்ணன் வெளியே போவது குறைந்தது. வெள்ளைச் சட்டை கொடியிலேயே கிடந்தது. அண்ணி தையல் மெஷினை மிதித்துக்கொண்டே அவனைப் பார்ப்பார். அவன் பார்த்தால் துணியைப் பார்ப்பார். ஒருநாள் என்னிடம் சமையலறையில் மெதுவாக, "உள்ள இருந்தப்போ, வந்துடுவாருன்னு ஒண்ணு இருந்துச்சு. இப்ப எதைச் சொல்லிக்கிட்டு இருக்கறதுன்னே தெரியல" என்றார்.

மார்கழி வாக்கில் ஒருவர் சங்கரா மீன் பையோடு வீட்டு வாசலில் வந்து நின்றார். புழலில் அண்ணனோடு ஒரே பிளாக்கில் இருந்தவர். கோவளம் பக்கத்துக் குப்பத்துக்காரர். சொந்தமாகச் சின்ன வேன் வைத்திருந்தார். காசிமேட்டில் மீன் எடுத்துப் பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம் மார்க்கெட்டுகளில் இறக்குகிற தொழில்.

"இன்னா பாய், வூட்லயே குந்திகினு கீற?"

"எங்க போறது?"

"என் வண்டிக்கி வா. ஐஸ் ஒடைக்கணும், பொட்டி ஏத்தணும், எறக்கணும். உன் படிப்புக்கு இது வேலயே இல்ல. ஆனா ஒண்ணு, அங்க எவனும் ஒன்னிய இன்னா ஏதுன்னு கேக்க மாட்டான்."

அண்ணன் போனான். விடியுமுன் கிளம்பி, மதியம் மீன் வாடையோடு திரும்புவான். ஐஸ் பட்டு விரல் நுனிகள் வெளுத்து வெடித்திருந்தன. அண்ணி தேங்காய் எண்ணெய் தடவிவிடுவார். நோன்பு மாதத்திலும் தண்ணீர்கூட இல்லாமல் பெட்டி தூக்கினான். ஒரு நாள்கூட நிற்கவில்லை. சந்தோஷமாக இருந்தான் என்று சொல்ல மாட்டேன். ஆனால் காலையில் போவதற்கு ஒரு இடம் இருந்தது.

சித்திரை பிறந்ததும் மீன்பிடித் தடைக்காலம் வந்தது. பெரிய படகுகள் இரண்டு மாதம் கடலுக்குப் போகாது. வேனுக்குச் சரக்கு இல்லை. இருக்கிற கொஞ்சத்துக்கு அந்த மனிதர் ஒருவரே போதும். அண்ணனின் முகத்தைப் பார்க்காமல்தான் அவர் அதை வந்து சொன்னார். "தட முடிஞ்சதும் மொத ஆளு நீதான் பாய்" என்றார்.

அந்த இரண்டு மாதமும் நல்ல வெயில். தாம்பரம் முழுக்க ஏசி மெக்கானிக்குகளுக்கு மூச்சுவிட நேரமில்லை. எங்கள் தெருவிலேயே ஒரு மாடி வீட்டில் ஏசி ஓடவில்லை. மெக்கானிக் நாலு நாளாக வருகிறேன் வருகிறேன் என்கிறான் என்று அந்த வீட்டு அம்மா வாசலில் நின்று போனில் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். அண்ணன் எங்கள் வீட்டு ஜன்னலோரம் உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தான். நான் போய்ச் சொல்லட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றான். ஆனாலும் நான் போனேன். அந்த அம்மா என்னை உட்காரச் சொல்லி, மோர் கொடுத்து, "வீட்டுக்காரர் வந்ததும் கேட்டுச் சொல்றேம்மா" என்றார். மறுநாள் கேளம்பாக்கத்திலிருந்து வேறு ஒரு ஆள் வந்து சரி செய்துவிட்டுப் போனான்.

அன்று இரண்டாவது டம்ளர் டீயை வைத்துக்கொண்டு அண்ணன் என்னிடம் கேட்டான். "உனக்குத்தான் இதெல்லாம் தெரியுமே. எத்தனை வருஷம் ஆனா அது அழியும்?"

"எது?"

"என் பேர்ல இருக்கறது."

ஒரு வருஷமாக இந்தக் கேள்விக்குப் பயந்துகொண்டிருந்தேன். பொய் சொல்லியிருக்கலாம். அண்ணி உள்ளே மெஷினை நிறுத்திவிட்டார்.

"அழியாதுண்ணே" என்றேன்.

"பேரன் பேத்தி எடுத்தாலும்?"

"கேக்கறவங்க கேட்டா வரும்."

அவன் தலையை ஆட்டினான். யாரோ வழி சொன்னதற்கு ஆட்டுவது போல ஆட்டினான். டீயைக் குடித்து முடித்து, டம்ளரை எடுத்துக்கொண்டு போய் அவனே கழுவி வைத்தான்.

ஆனி மாதம் படகுகள் போகத் தொடங்கின. மீன்காரர் சொன்னபடியே வேனோடு வந்து தெருமுனையில் ஹாரன் அடித்தார். அண்ணன் பழைய லுங்கியோடு ஏறிப் போனான். இப்போதும் போகிறான். அடுத்த சித்திரைக்கு என்ன செய்வது என்று நாங்கள் மூன்று பேரும் இன்னும் பேசவில்லை.